முதல் அடி யாருடையது? முறிந்த உறவுகளும் கிறிஸ்தவ ஒப்புரவும்

முறிந்துபோன ஓர் உறவைச் சீர்செய்ய இருவரில் யார் முதலில் இறங்கிவர வேண்டும் என்ற கேள்வி குடும்பங்களிலும் சபைகளிலும் ஊர்களிலும் ஓயாமல் எழுவது. தவறு செய்தவர்தான் வர வேண்டும் என்று ஒரு தரப்பும், பெரியவர்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று மறுதரப்பும் பிடிவாதமாக நிற்க, பங்காளிகள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மற்றவர் போகாமலே ஒரு தலைமுறை கழிந்துவிடுகிறது. கிறிஸ்தவ மரபு இக்கேள்விக்குத் தாழ்மையையும் அன்பையும் விடையாக முன்வைக்கிறது. ஆனால் அந்த விடை வேதாகமத்தில் எந்த வடிவில் இருக்கிறது, திருச்சபையின் நடைமுறையில் எப்படி நிலைபெற்றது, எங்கே திரிந்தது என்பவற்றை ஒருசேர நோக்கினால்தான் அதன் வலிமையும் அதிலுள்ள ஆபத்தும் விளங்கும். தாழ்மை வலியவரிடமிருந்து தொடங்கிய இடங்களில் ஒப்புரவு வேர்பிடித்திருக்கிறது என்பதும், அது மெலியவரிடம் மட்டும் கோரப்பட்ட இடங்களில் அநீதிக்குத் திரையாகிவிட்டது என்பதுமே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

தொடக்கத்திலேயே மூன்றை வேறுபடுத்திக்கொள்வது தேவை. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் தமக்குச் சேரவேண்டிய பழிக்கணக்கைக் கைவிடுவது. எதிராளி இறந்துவிட்டாலும் மனம் மாறாவிட்டாலும் ஒருவர் தனியே செய்யக்கூடியது. மனந்திரும்புதல் என்பது தீங்கிழைத்தவர் தம் செயலைத் தீங்கென்று ஒப்புக்கொண்டு வழியை மாற்றிக்கொள்வது. இவ்விரண்டும் சந்தித்து, பிரிந்தவர்களிடையே நம்பிக்கை மீண்டும் வளரத் தொடங்குவதே ஒப்புரவு. அது ஒருவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதிலிருந்தே சபைகளில் நடந்த, இன்றும் நடக்கும் பல கொடுமைகள் பிறந்தன.

மத்தேயு நற்செய்தியில் இயேசு இதுபற்றிச் சொன்னவை இரண்டு இடங்களில் உள்ளன. மலைப்பிரசங்கத்தில், பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்பவருக்குத் தம்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்ற நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயர், பலிபீடமோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பல நாள் நடையில் இருந்தது. அவ்வளவு தூரம் கொண்டுவந்த பலிப்பொருளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பகைவன் வீட்டுக் கதவைத் தட்டி, மறுபடியும் எருசலேமுக்கு நடந்துவர வேண்டும் என்பதை அவர்கள் உடனே கணக்கிட்டிருப்பார்கள். அதே நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் கட்டளை எதிர்த்திசையில் வருகிறது: சகோதரன் குற்றம் செய்தால் பாதிக்கப்பட்டவரே அவனிடம் போய், தனித்திருக்கையில் எடுத்துச்சொல்ல வேண்டும், கேளாவிட்டால் ஓரிரு சாட்சிகளோடும், அதற்கும் கேளாவிட்டால் சபையின் முன்னும் பேச வேண்டும். முதல் கட்டளையின்படி தவறு செய்தவர் புறப்படுகிறார். இரண்டாவதின்படி தவறுக்கு ஆளானவர் புறப்படுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், தம் இடத்திலேயே உட்கார்ந்து மற்றவர் வரட்டும் என்று காத்திருக்கும் உரிமை இருவருக்கும் இல்லை. தனியாகப் பேசுவதில் தொடங்கும் அந்த ஒழுங்குமுறையும் கவனிக்கத்தக்கது; எதிராளியின் மானத்தைக் காத்தபடியே உண்மையைச் சொல்ல அது இடம் தருகிறது.

அதே அதிகாரத்தின் இறுதியில் வரும் கடன்காரன் உவமை, பாதிக்கப்பட்டவரிடம் எதிர்பார்க்கப்படும் தாழ்மைக்கு அடிப்படை எது என்பதை எண்களால் காட்டுகிறது. ராஜாவுக்கு ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. உடன் ஊழியக்காரன் அவனுக்குப் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒருநாள் ஊதியம், ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்று கொண்டால், முதல் கடன் ஆறு கோடி நாள் கூலிக்குச் சமம். இரண்டாவது மூன்று மாதக் கூலியைச் சற்றே தாண்டும். மூன்று மாதக் கூலி ஏழைக்கு அற்பத் தொகையன்று என்பதால், பிறர் செய்த தீங்கு சிறியது என்று உவமை சொல்வதாகக் கொள்வது பிழை. தீங்கு மெய்யானது, ஆனால் அதைப் பெற்றவரும் அளவிடமுடியாத இரக்கத்தால் வாழ்பவர். கிறிஸ்தவத் தாழ்மை என்பது தன்னைத் தானே இழிவாகக் கருதும் மனநிலையன்று, தானும் மன்னிக்கப்பட்டவன் என்ற மெய்யறிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நற்செய்திகளில் இல்லை.

பேதுருவின் மீட்பு இன்னும் நுட்பமானது. யோவான் நற்செய்தியின்படி, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிருக்காக மூட்டிய கரிநெருப்பின் அருகே நின்றுதான் பேதுரு தம் ஆசிரியரை மும்முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடற்கரையில் இயேசு சீடர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்ததும் கரிநெருப்பில்தான். மறுதலிப்பைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் பேசப்படவில்லை. ஆனால் அன்பு உண்டா என்று மும்முறை கேட்கப்பட்டது. மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டார். காயம் மறைக்கப்படவும் இல்லை, குத்திக்காட்டப்படவும் இல்லை. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மன்னிக்கப்பட்டவரை மூலையில் உட்காரவைக்காமல் பழைய பணிக்கே திருப்பி அழைப்பதுதான் ஒப்புரவின் நிறைவு என்பதை அக்காட்சி காட்டுகிறது. முதல் அடியை எடுத்துவைத்தவர் கைவிடப்பட்டவரே. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் இதையே இறையியலாக வடிக்கிறார்: மனிதரோடு ஒப்புரவை நாடிப் புறப்பட்டவர், மனிதரால் பகைக்கப்பட்ட கடவுளே.

பழைய ஏற்பாட்டின் சகோதரக் கதைகள் ஒப்புரவின் எல்லைகளையும் நேர்மையாகப் பதிவுசெய்கின்றன. தம்பியால் வஞ்சிக்கப்பட்ட ஏசாவின் முன் யாக்கோபு ஏழுமுறை தரைமட்டும் குனிந்து வணங்குகிறான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறான். ஆனால் தன்னோடு சேயீருக்கு வருமாறு ஏசா அழைத்தபோது, பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டு யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான். தகப்பனை அடக்கம்பண்ணும்போதுதான் இருவரும் மறுபடி சேர்ந்து காணப்படுகிறார்கள். பகை தீர்ந்தும் தனித்தனியே வாழ்வது ஒப்புரவின் தோல்வியன்று என்பதை இக்கதை ஏற்கிறது. யோசேப்பின் கதையில், சகோதரரை அடையாளம் கண்டும் அவன் உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளுமாறு யூதா மன்றாடியபோதுதான், ஒருகாலத்தில் தம்பியை விற்றவன் மாறிவிட்டான் என்பது உறுதியாகி, யோசேப்பு உடைந்து அழுகிறான். அதன்பின் யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறக்கிறான். இறந்தவுடனே, யோசேப்பு இனிப் பழிவாங்குவான் என்று சகோதரர் அஞ்சி ஆளனுப்புகிறார்கள். அவன் ஊட்டிய சோற்றை 17 ஆண்டுகள் உண்டும் மன்னிக்கப்பட்டோம் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. மன்னிப்பதைவிட மன்னிக்கப்பட்டதை நம்புவது கடினம் என்ற உண்மையை ஆதியாகமம் இவ்வாறு பதிவுசெய்திருப்பது, சபை ஆலோசகர்கள் மறுபடி மறுபடி படிக்கவேண்டிய பகுதி.

பவுலின் நிருபங்கள் தாழ்மையைச் சமூக ஒழுங்கோடு மோதவிடுகின்றன. பிலிப்பி மக்கெதோனியாவிலிருந்த ரோமக் குடியேற்ற நகரம். பதவிகளும் பட்டங்களும் கல்வெட்டுகளில் வரிசைப்படுத்திப் பொறிக்கப்பட்ட, மானமும் மதிப்புமே மனிதரின் அளவுகோலாக இருந்த இடம். தாழ்ந்திருத்தல் அந்த உலகில் அடிமையின் நிலையே தவிர நற்பண்பு அன்று. அந்நகரத்துச் சபைக்கு, கடவுளின் வடிவிலிருந்தும் அடிமையின் வடிவை ஏற்றுச் சிலுவைவரை இறங்கிய கிறிஸ்துவைப் பவுல் முன்மாதிரியாகக் காட்டுகிறார். அதே நிருபத்தின் இறுதிப் பகுதியில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்கள் ஒருமனப்பட வேண்டும் என்று கேட்கிறார். பிணக்கின் காரணத்தையோ யார் பக்கம் நியாயம் என்பதையோ அவர் எழுதவில்லை. வேண்டுகோளை இருவருக்கும் தனித்தனியே விடுக்கிறார். இருவரும் நற்செய்திக்காகத் தம்மோடு பாடுபட்டவர்கள் என்று சபையின் முன்னிலையில் மதிப்பளிக்கிறார். மூன்றாமவர் ஒருவரைத் துணைக்கு அழைக்கிறார். இணக்கம் பேசுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய முறை அந்த இரண்டு வசனங்களில் அடங்கியிருக்கிறது.

பவுலின் சொந்த வாழ்வில் எல்லாம் எளிதாக முடிந்துவிடவில்லை. பாதிவழியில் விட்டுப்போன மாற்கை மறுபடி அழைத்துச்செல்வதா என்பதில் அவருக்கும் பர்னபாவுக்கும் கடும் வாக்குவாதம் உண்டாகி, இருவரும் பிரிந்தே போனார்கள். பின்னாளில் அதே மாற்கு தமக்குப் பயனுள்ளவன் என்ற குறிப்பு தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது. பர்னபாவும் பவுலும் மீண்டும் சேர்ந்து பயணம் செய்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

25 வசனங்களே கொண்ட பிலேமோன் நிருபம் இக்கேள்வியின் முடிச்சு. எசமான் பிலேமோனைவிட்டுப் பிரிந்துவந்த அடிமையாகிய ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும் பவுல், கட்டளையிட உரிமையிருந்தும் அன்பினிமித்தம் மன்றாடுவதாக எழுதுகிறார். அவனை இனி அடிமையாகவன்றிச் சகோதரனாக ஏற்கச் சொல்கிறார். அவனால் நட்டம் ஏதேனும் உண்டானால் தாமே தீர்ப்பதாகக் கைப்பட எழுதித் தருகிறார். இக்கடிதம் பிலேமோனுக்கு மட்டுமன்றி, அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் அவர் வீட்டில் கூடிய சபைக்கும் எழுதப்பட்டது. எனவே ஒரு செல்வரின் வீட்டில், அவர் அடிமை நின்றுகொண்டிருக்க, எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். இறங்கிவரும்படி கேட்கப்பட்டவர் எசமானர். ஆனால் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் அடிமைமுறையை ஆதரித்தவர்கள் இதே நிருபத்தைத் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்புவதற்கான வேத ஆதாரமாகக் காட்டினார்கள். திருப்பி அனுப்பியதை எடுத்துக்கொண்டு, சகோதரனாக ஏற்கச் சொன்னதை விட்டுவிட்டார்கள். ஒரே நூலை எசமானரின் பக்கமிருந்து படிப்பதற்கும் அடிமையின் பக்கமிருந்து படிப்பதற்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவு.

தொடக்ககாலத் திருச்சபை இப்போதனைகளை நல்லெண்ணமாக மட்டும் விட்டுவைக்காமல் ஒழுங்குமுறையாக ஆக்கியது. தொன்மையான சபை ஒழுங்கு நூலான திதாகே, பிணக்கிலிருப்பவர்கள் ஒப்புரவாகும்வரை கூடுகையில் சேரக்கூடாது என்று விதித்தது. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவின் திதஸ்காலியா, சபையாரின் வழக்குகளை ஆயர் திங்கட்கிழமையில் விசாரிக்க வேண்டும் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் திருவிருந்துக்குள் இரு தரப்பும் சமாதானமாவதற்கு வாரம் முழுவதும் அவகாசம் இருக்கட்டும் என்பதே காரணம். திருப்பணியாளராகிய உதவிக்காரர், எவருக்கேனும் எவர்மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று வழிபாட்டில் உரக்கக் கேட்பதும் அந்நூலில் உண்டு. பிற்காலத்தில் வழிபாட்டில் எஞ்சிய சமாதானம் கொடுக்கும் சடங்கு இந்நடைமுறையோடு உறவுடையது. சடங்கு இன்று கைகுலுக்கலாகச் சுருங்கி, திங்கட்கிழமை விசாரணை மறைந்துபோனது திருச்சபைக்கு நேர்ந்த பேரிழப்பு.

எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் இப்போதனை வேறு வடிவம் பெற்றது. நான்காம் நூற்றாண்டில் ஸ்கேத்திஸ் பகுதியில், குற்றம் செய்த துறவி ஒருவரை விசாரிக்கக் கூடிய அவைக்கு அழைக்கப்பட்ட கறுப்பினத் துறவி மோசே, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பிச் சுமந்து வந்தார் என்று மரபு சொல்கிறது. சிந்தும் நீரைக் கண்டு காரணம் கேட்டவர்களிடம், தம் பாவங்கள் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்க அடுத்தவரைத் தீர்ப்பிட வந்திருப்பதாகச் சொன்னார். விசாரணை அத்துடன் கைவிடப்பட்டது. தீர்ப்பிடும் இடத்தில் இருந்தவர் தாழ்ந்தார் என்பதுதான் இதன் சிறப்பு. ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்ட் ஒழுங்கில் நிலைமை இருபக்கமும் சாய்கிறது. பொழுது சாய்வதற்குள் பிணங்கியவரோடு சமாதானமாக வேண்டும் என்றும், மனத்தாங்கல் என்னும் முட்கள் குழுவாழ்வில் முளைப்பதால் காலையும் மாலையும் பரமண்டல ஜெபத்தை எல்லோர் காதிலும் விழ ஓத வேண்டும் என்றும் அது சொல்வது ஆழ்ந்த மனித அறிவு. ஆனால் அதன் 71ஆம் அதிகாரம், மூத்தவர் சற்றே சினந்தாலும் இளையவர் உடனே காலில் விழுந்து, ஆசி கிடைக்கும்வரை கிடக்க வேண்டும் என்கிறது. மூத்தவரின் சினம் நியாயமானதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தாழ்மை கீழ்நிலையில் இருப்பவரின் கடமையாக மாறத் தொடங்கியதன் அடையாளங்களில் இதுவும் ஒன்று.

இத்திரிபின் விளைவுகளை 20ஆம் நூற்றாண்டு இறையியல் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது. 1960இல் அமெரிக்க அறிஞர் வாலரி செய்விங், பாவத்தின் வேர் அகந்தையே என்று ஆண் இறையியலாளர்கள் காலங்காலமாக எழுதிவருவதைக் கேள்விக்கு உட்படுத்தினார். தன்னை முழுதும் இழந்து பிறருக்காகவே வாழும்படி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு அகந்தையைவிடத் தன்னிழப்பே பெரிய சோதனையாக இருக்கக்கூடும் என்பது அவர் வாதம். கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம் சிலுவையைச் சுமக்கவும் அடங்கிப்போகவும் சொல்லித் திருப்பி அனுப்பும் போதகரோ மூத்த உறவினரோ, கிறிஸ்துவின் தாழ்மையைப் போதிக்கவில்லை. அடிப்பவனின் பக்கம் நிற்கிறார். கிறிஸ்துவின் இறக்கம் வல்லமையுள்ளவர் தாமே விரும்பி ஏற்றது. ஏற்கெனவே தரையில் தள்ளப்பட்டிருப்பவரை இன்னும் குனியச் சொல்வதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

மன்னிப்புக்கும் ஒப்புரவுக்கும் இடையிலான எல்லையைத் தெளிவாக வரைந்தவர்களுள் குரோவாசிய இறையியலாளர் மிரோஸ்லாவ் வோல்ஃப் முக்கியமானவர். யூகோஸ்லாவியா சிதறி, சேர்பியப் போராளிகள் அவருடைய மக்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அப்போராளி ஒருவனை உம்மால் அணைக்க முடியுமா என்று ஆசிரியர் யூர்கன் மோல்ட்மன் அவரிடம் கேட்டார். முடியாது, ஆனால் கிறிஸ்துவைப் பின்பற்றுபவனாக முடியவேண்டும் என்று அவர் அளித்த விடையிலிருந்து, விலக்கலும் அணைப்பும் பற்றிய அவருடைய 1996ஆம் ஆண்டு நூல் பிறந்தது. அணைக்க விரும்பும் மனம் நிபந்தனையற்றது, அணைப்போ உண்மை சொல்லப்பட்டு நீதி கவனிக்கப்பட்டபின்னரே நிகழும் என்பது அந்நூலின் மையம். கைகளை விரித்தவர் காத்திருக்க வேண்டும். எதிரே நிற்பவரை இழுத்து அணைத்தால் அது வன்முறை. இதற்கு முன்பே, 1930களில் ஹிட்லரின் ஆட்சிக்குப் பணியாத போதகர்களைப் பின்கென்வால்டேயில் பயிற்றுவித்த டீட்ரிக் போன்ஹோஃபர், அன்பையும் ஒழுங்கையும் சேர்த்து ஓர் எளிய விதி வைத்திருந்தார்: உடனில்லாத சகோதரனைப் பற்றி எவரும் பேசக்கூடாது, பேசிவிட்டால் அதை அவனிடமே சொல்லிவிட வேண்டும். சபைகளில் முறியும் உறவுகளில் எத்தனையோ இவ்விதி இல்லாததாலேயே முறிகின்றன.

இக்கேள்வியின் எல்லா முகங்களையும் ஒரே நாட்டில் காண வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கு டச்சுச் சீர்திருத்த சபையின் 1857ஆம் ஆண்டு மாமன்றம், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு இசைந்தது என்று ஒப்புக்கொண்டும், சிலரது பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியே கூடலாம் என்று முடிவெடுத்தது. பலவீனரைப் பலமுள்ளவர் தாங்க வேண்டும் என்ற பவுலின் போதனை இங்கே தலைகீழானது; நிலமும் அதிகாரமும் உடையவர்கள் தங்களைப் பலவீனர் என்று அழைத்துக்கொள்ள, ஒடுக்கப்பட்டவர்கள் அவர்களுடைய அருவருப்பைத் தாங்கும்படி ஆயிற்று. கலப்பினத்தாருக்கென 1881இல் தனி சபையே உருவானது. இருபதாம் நூற்றாண்டில் நாடு முழுவதையும் பிரித்த நிறவெறிச் சட்டங்களுக்குத் திருவிருந்து மேசையில் தொடங்கிய அந்தப் பிரிவினை இறையியல் நியாயம் சேர்த்தது. அந்தத் தனி சபையே 1982இல் பெல்ஹார் என்னுமிடத்தில் ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து 1986இல் ஏற்றது. கிறிஸ்துவில் ஒப்புரவாக்கப்பட்டவர்களை நிறத்தால் பிரிப்பது நற்செய்தியையே மறுப்பது என்று அது அறிவித்தது. குற்றம் சாட்டும் அறிக்கையோடு இணைத்த கடிதத்தில், தங்களுக்கும் குறைகள் உண்டு என்று ஒடுக்கப்பட்டவர்களே ஒப்புக்கொண்டது வியப்புக்குரியது. இதற்கிடையே 1985இல் வெளிவந்த கைரோஸ் ஆவணம், அநீதி தொடரும்போதே ஒப்புரவு பேசும் சபைகளைக் கடுமையாகக் கண்டித்தது. மனந்திரும்புதல் இல்லாத இடத்தில் சமாதானம் பேசுவது பாவத்துக்குத் துணைபோவது என்பது அதன் நிலை.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் கூடிய சபைகளின் மாநாட்டில், டச்சுச் சீர்திருத்த சபையைச் சேர்ந்த இறையியலாளர் வில்லி யோங்கர், நிறவெறியில் தமக்கிருந்த பங்கையும் தம் சபைக்கும் தம் இனத்தாருக்கும் இருந்த பங்கையும் அறிக்கையிட்டு மன்னிப்பு வேண்டினார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு உடனே எழுந்து, இப்படியொரு அறிக்கை வரும்போது மன்னிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருள்பட அதை ஏற்றுக்கொண்டார். யோங்கருக்கு அவருடைய இனத்தாரிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. எல்லோர் சார்பிலும் மன்னிக்க டூட்டுவுக்கு என்ன உரிமை என்று கறுப்பினத்தார் சிலரும் கேட்டார்கள். இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பின்னர் டூட்டு தலைமையில் இயங்கிய உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசியல் குற்றங்களை முழுமையாக வெளியிட்டவருக்குப் பொதுமன்னிப்பு அளிக்க வழிசெய்தது. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பகுதி மறுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை வழங்க ஆணையம் பரிந்துரைத்தும், 2003இல் அரசு அறிவித்தது ஒரேயொரு முறை தரப்படும் 30,000 ராண்ட் மட்டுமே. மகனைப் பறிகொடுத்த தாய் அவையின் முன் வந்து மன்னிக்கும்போது, பறித்த ஆட்சியால் ஆதாயமடைந்தவர்கள் தங்கள் நிலத்தையும் செல்வத்தையும் தொடாமல் வீடு திரும்பினார்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக்கொடுப்பதாகச் சொன்ன சகேயுவின் இடம் அங்கே காலியாகவே இருந்தது.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்தே சாதியைச் சமூக வழக்கம் என்று பொறுத்துக்கொண்டதால், சபைகளில் தனித்தனி இருக்கைகள் நிலைத்தன. திருவிருந்திலும் முந்துவது யார், பிந்துவது யார் என்ற வரிசை இருந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் இவற்றை உடனே கைவிட ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்த்தப்பட்ட சாதியார் பலர் சபையைவிட்டே விலகினார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயமே இரு சாதியாருக்கு இரு கூடங்களாக, நடுவே சுவரோடு கட்டப்பட்டது. 1910இல் சுவர் இடிக்கப்பட்டதும் தனியுரிமை கோரியவர்கள் நீதிமன்றம் சென்று, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆணையும் தீர்ப்பும் சுவரை அகற்ற வல்லவை, அகற்றவும் வேண்டும். ஆனால் ஒரே பந்தியில் உட்காரும் மனத்தை அவற்றால் உண்டாக்க முடியவில்லை.

இதற்கு எதிர்ச்சான்றும் இம்மண்ணிலேயே உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910ஆம் ஆண்டு எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மேனாட்டு ஊழியர்களின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டே, அவர்கள் இந்தியக் கிறிஸ்தவர்களைச் சமமாக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பொருளும் உயிரும் கொடுத்தவர்களிடம் நட்பைக் கேட்டார். தாழ்மையற்ற அன்பு தர்மம் செய்வதோடு நின்றுவிடும், தோளோடு தோள் சேராது என்பதே அப்பேச்சின் உட்பொருள். கேட்டவர்களில் சிலர் புண்பட்டார்கள். ஆனால் 1912இல் அசரியா தோர்னக்கல் பேராயரானார். 1919இல் தரங்கம்பாடியில் அவரும் பிறரும் தொடங்கிய சபை ஒருமைப் பேச்சு, அவர் மறைந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. பேராயர் முறையே இல்லாதிருந்த சபைகள் பேராயரை ஏற்றன; ஆங்கிலிக்கர், பிற சபைகளின் போதகர்களுக்கு மறுபடி அபிஷேகம் செய்யாமலே அவர்களுடைய ஊழியத்தை ஏற்றார்கள். இங்கிலாந்தின் தாய்ச்சபை நெடுங்காலம் முழு உறவை மறுத்தபோதும் அவர்கள் பின்வாங்கவில்லை. ஒவ்வொரு தரப்பும் தனக்கு அருமையான ஒன்றை விட்டுக்கொடுத்ததால்தான் இது கைகூடியது. 1950இல் வெளியான அத்திருச்சபையின் வழிபாட்டு முறையில், சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைப் பின்பற்றி, கூப்பிய கைகளை அடுத்தவரின் கைகளுக்கிடையே வைத்துச் சமாதானம் கொடுக்கும் சடங்கு இடம்பெற்றது.

ஆயினும் சபைப்பிரிவுகளைக் கடந்தவர்கள் சாதியைக் கடக்கவில்லை. திருமண உறவிலும் கல்லறைத் தோட்டத்திலும் பதவித் தேர்தலிலும் அது இன்னும் ஆட்சிசெய்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ரஸ்டன்பர்க்கில் யோங்கர் செய்ததைப் போல, அதிகாரமுடையவர்கள் குற்றத்தைப் பெயர்சொல்லி ஏற்பது இதன் முதல்படி என்ற வகையில் அது மதிக்கத்தக்கது. எஞ்சியிருப்பது பங்கு அளவிலான வேலை. தனிக் கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்களில், ஒப்புரவுக்கான வேண்டுகோள் பிரித்துவைக்கப்பட்டவர்களின் தெருவிலிருந்தே இன்றுவரை வருகிறது. பிரித்தவர்களின் தெருவிலிருந்து, அவர்களுடைய பங்குப் பேரவையின் தீர்மானமாகவும் பங்கிடப்பட்ட நிலமாகவும் அது வரவேண்டும் என்பதை ஆயர்களும் போதகர்களும் தவக்கால மறையுரைகளில் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்குவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.